தெரியுமா? வெள்ளி பேசிய காதல்!

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் வெள்ளியைக் கொடுத்தே கல்யாணத்தை நிச்சயம் செய்தவர்கள் இருந்தார்கள் தெரியுமா? எல்லாம் ஐரோப்பாவின் வடக்கே, குளிர் நாடுகளில்!

டென்மார்க்கைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் அங்கே காதலிக்குக் கொடுக்கும் பரிசு ஒரு குட்டி வெள்ளிச் சிமிழ். பெயர் ஹோவெத்வான்ஸெக். 'வாசனைத் தண்ணீர் முட்டை' என்று பொருள் சொல்லலாம். பெயர்தான் முட்டை, பல சிமிழ்கள் இதய வடிவத்தில் இருக்கும்! கீழே சின்னப் பீடம், மேலே கிரீடம் வைத்த மூடி. திறந்தால் வாசனைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டு கண்ணைச் சொக்கினால், எடுத்து ஒரு முறை முகர்ந்தால் போதும். அதோடு முடிந்ததா? அடியிலும் ஓர் அறை உண்டு. அதற்குள் நிச்சயதார்த்தக் காசு! வாசனையும் வாக்குறுதியும் ஒரே சிமிழில். இதை யோசித்துச் செய்த தட்டாரின் கையைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

இன்னும் வடக்கே, 'சாமி' என்ற பழங்குடி மக்களின் இடுப்புப் பட்டையைப் பார்த்தாலே போதும். பட்டையில் வட்டப் பொத்தான் என்றால் இன்னும் மணமாகவில்லை. சதுரப் பொத்தான் என்றால் ஆகிவிட்டது!

ஃபின்லாந்தில் நகைக்குப் பதில் கத்தி! கல்யாண வயதுப் பெண் வெறும் உறையை இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வாளாம். விரும்புகிறவன் தன் கத்தியை அதில் செருகிவிட்டுப் போவானாம். கத்தி திரும்பி வரவில்லை என்றால் சம்மதம்.

எஸ்தோனியாவின் தென்கிழக்கு மூலையில் சேத்தோ பெண்கள் இருக்கிறார்கள். மார்பில் கவிழ்த்த கூம்புபோலப் பெரிய வெள்ளிப் பதக்கம், கழுத்தில் சங்கிலிகள், நாணயங்கள். ஆள் கண்ணில் படும் முன்பே சலசலப்பு காதில் விழுந்துவிடும்! அந்தப் பெரிய பதக்கம் மணமான பெண்ணின் அடையாளம்.

நார்வேயின் 'சோல்யே'வை மட்டும் அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். அது வெள்ளி மார்பூசி. அதன் விளிம்பில் குட்டிக் கரண்டிபோலக் குழிந்த தகடுகள் தொங்கும், பல தகடுகளில் தங்க முலாம். அணிந்தவள் மூச்சு விட்டாலே அவை அசைந்து ஒளியைச் சிதறடிக்கும். அந்த மினுக்கல் வெறும் அழகுக்கு இல்லை! மலைக்குள் மறைந்து வாழும் 'ஹுல்த்ர' கூட்டம் மணப்பெண்களைத் தூக்கிப் போய்விடும் என்று அந்த நாட்டார் பயந்தார்கள். வெள்ளியின் பளபளப்பு அந்தக் கூட்டத்தை அண்டவிடாது என்பது நம்பிக்கை. இன்றும் மே 17, தேசிய நாளன்று, நார்வே வீதிகளில் எங்கு திரும்பினாலும் சோல்யே மின்னும். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தவை எத்தனையோ!

ஸ்காட்லாந்துக்கும் ஓர் எட்டு போய்விடுவோம். எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி 'லக்கன்பூத்' கடைகள் இருந்தன. பூட்டு போட்ட கடைகள் என்று அர்த்தம். அங்கே விற்ற இதய வடிவ வெள்ளி ஊசிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காதலன் வாங்கித் தருவான், அவள் குத்திக்கொள்வாள். கடைகளில் மிஞ்சியவற்றையும் 1817-இல் இடித்துத் தள்ளினார்கள். ஊசி மட்டும் போகவில்லை! கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்ததும், கண் திருஷ்டி படாமல் இருக்க, காதலன் அன்று கொடுத்த அதே ஊசியைப் பிள்ளையின் சால்வையில் குத்திவிடுவாள் தாய்.