ஆய்வுகூடத்தாரின் உழைப்பும் ஆய்வுக் கட்டுரையில் பதிவாக வேண்டும்

மட்டக்களப்பு வாவி நீரில் பார உலோகங்கள் எந்தளவுக்குக் கலந்துள்ளன என்பதை ஓர் ஆய்வாளர் அறிய முற்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். கல்லடிப் பாலத்தினருகே தோணியில் சென்று அவர் நீர் மாதிரிகளைச் சேகரித்துவிடலாம். ஆனால், அதிலுள்ள ஈயத்தையும் கட்மியத்தையும் அளவிடும் விலையுயர்ந்த கருவி அவரிடம் இருப்பதில்லை. பலரும் கூட்டாகப் பயன்படுத்தும் பொது ஆய்வுகூடம் ஒன்றையே அவர் நாட வேண்டியுள்ளது. அங்கு பணியாற்றும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மாதிரிகளைப் பக்குவப்படுத்துகின்றார். கருவியின் அளவுகளைச் சரிபார்க்கின்றார். ஐயத்துக்கிடமான பெறுபேற்றை மீண்டும் பரிசோதிக்கின்றார். ஈற்றில் கட்டுரை வெளியாகும்போது அந்த ஆய்வுகூடத்தின் பெயரோ உத்தியோகத்தரின் பெயரோ அதில் இடம்பெறாது போய்விடுவதுண்டு.

இதனை வெறும் மரியாதைக் குறைவாக மட்டும் நாம் கருதிவிட முடியாது. ஓர் அளவீடு எங்கு, எக்கருவியால் பெறப்பட்டது என்பது தெரிந்தால்தான் பிறர் அதனைச் சரிபார்க்க முடியும். மேலும், தனது சேவையால் எத்தனை ஆய்வுகள் வெளிவந்தன என்பதைக் காட்டியே ஒரு பொது ஆய்வுகூடம் கருவிப் பராமரிப்புக்கும் ஆளணிக்கும் நிதி கோருகின்றது. பெயர் விடுபடும்போது அதன் பயன்பாட்டுக்கான சான்றும் மறைந்து போகின்றது. நாளை அக்கருவி பழுதடைந்து கிடந்தால் பாதிக்கப்படப் போவதும் ஆய்வாளரே.

கட்டணம் செலுத்திவிட்டோமே, பின்னர் எதற்கு நன்றி என்று சிலர் வினவலாம். கட்டணம் சேவைக்கு உரியது. அறிவுப் பங்களிப்பை அது விலைக்கு வாங்கிவிடுவதில்லை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கெனத் தெளிவான நெறிகளை வகுத்துள்ளது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கான ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் உடையவரே ஆசிரியராவார். இவற்றுள் சிலவற்றை மட்டும் நிறைவேற்றியவருக்கு நன்றியுரையில் இடமளிக்க வேண்டும். நிதி பெற்றுக் கொடுத்ததற்காகவோ மேற்பார்வை செய்ததற்காகவோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்குவதும் தவறென்றே அந்நெறிகள் கூறுகின்றன.

இவ்விடயத்தில் சேர். சி. வி. இராமனின் வாழ்வு நமக்கு நல்ல முன்மாதிரியாகும். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்ற அவருக்குச் சொந்த ஆய்வுகூடம் இருக்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கமே அவருக்குக் கதவைத் திறந்தது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கு ஆய்வு செய்த இராமனுக்கு உறுதுணையாக நின்றவர் சங்கத்தின் உதவியாளர் அசுதோஷ் டே. பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவரை, தமது ஆய்வுக் கட்டுரைகளின் இணையாசிரியராகவே இராமன் உலகுக்கு அறிமுகம் செய்தார்.

மறுபுறத்தில், 1944இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில், இருதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு முதன்முதலாக நடைபெற்ற சத்திரசிகிச்சையின் நுட்பத்தை ஆய்வுகூடத்தில் உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பின உதவியாளர். 1945இல் வெளிவந்த கட்டுரையில் வைத்தியர்கள் இருவரின் பெயர்களே ஆசிரியர்களாக இடம்பெற்றன. தோமஸுக்கு அப்பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது 1976இலாகும். மூன்று தசாப்தங்கள் கழிந்து கிட்டும் நீதி, நீதியாகுமா?

ஹதீஸ்களைத் தொகுத்த அறிஞர்கள், ஒரு செய்தியை எவரிடமிருந்து எவர் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையைப் பெயர் பெயராகப் பதிந்தனர். அவ்வரிசையைக் கொண்டே செய்தியின் நம்பகத்தன்மையை மதிப்பிட்டனர். நூலாசிரியரின் பெயரோடு நூல் வந்த வழியையும் பாயிரத்தில் கூறுவது தமிழ் மரபு. அறிவு எவர் கைகளின் ஊடாக வந்தது எனச் சொல்வது நம் இரு சமூகத்தாருக்கும் புதியதன்று.

எனவே, கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளிட்ட நமது உயர்கல்வி நிறுவனங்கள் இதனை எழுத்திலான விதியாக்குதல் நன்று. ஆய்வு தொடங்குமுன்னரே எவர் ஆசிரியர், எவருக்கு நன்றி என்பது பேசி முடிவு செய்யப்படல் வேண்டும். ஆய்வுகூடத்தின் விண்ணப்பப் படிவத்திலேயே நன்றியுரைக்கான வாசகம் அச்சிடப்படலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. நேர்மையான மனமொன்றே போதுமானது.