கம்பி கரையேறும் கதை – 9: டீசலில் சுழன்ற காற்றாலைகள்

போன வாரம் டென்மார்க்கின் விண்டேபியில், 1991-ல், 11 காற்றாலைகள் கடலுக்குள் இறங்கியதைப் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்ல இடமில்லை. நடுக்கடலில் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் மேடைக்குள் இந்த வாரம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். புறப்பட்டுவிட்டேன். வழியில் ரிஃப்காட் பிடித்துக்கொண்டது.

ரிஃப்காட் என்பது ஜெர்மனியின் போர்க்கும் தீவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் நிற்கும் காற்றாலைப் பண்ணை. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.6 மெகாவாட். 2013 ஆகஸ்டில் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். இறக்கைகள் தயார், கடலுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் மேடை தயார், காற்றுக்கும் அங்கே பஞ்சமில்லை. கரைக்குப் போகிற கேபிள்தான் வரவில்லை. கிரகப்பிரவேசம் முடித்துவிட்டு ஈ.பி. கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரர் என்ன செய்வாரோ, அதையே அவர்களும் செய்தார்கள். டீசல் ஜெனரேட்டர் வைத்தார்கள்.

காற்றாலைக்கு எதற்கு ஜெனரேட்டர்? காற்றாலையும் ஒரு மின் நுகர்வோர்தான். காற்று திசை மாறினால் உச்சித் தலையைத் திருப்பும் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். உப்புக் காற்றின் ஈரம் மின்னணுப் பெட்டிகளுக்குள் இறங்காமலிருக்க ஹீட்டருக்கு வேண்டும். கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். சாதாரணமாக, காற்றில்லாத நேரத்தில் இதெல்லாம் கரையிலிருந்து அதே கேபிள் வழியாகத் திரும்பி வரும். கேபிள் இல்லாவிட்டால் வரவும் இல்லை, போகவும் இல்லை. இறக்கையை அசையாமல் நிறுத்தி வைக்கவும் முடியாது. பல டன் எடை பேரிங்கின் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கிரீஸ் பிதுங்கி, இரும்போடு இரும்பு உரசிக் குழி விழும். அதனால் அவ்வப்போது சுழற்றிவிட வேண்டும். காற்றடிக்கிற கடலில், காற்றாலையைச் சுழற்ற டீசல் எரித்தார்கள்! மாதம் 22,000 லிட்டர் என்று அன்றைய ஜெர்மன் பத்திரிகைகள் கணக்கு எழுதின.

கேபிள் ஏன் வரவில்லை என்பது இன்னும் சுவாரசியம். அது போகவேண்டிய கடல் தரையில் குண்டுகள் கிடந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், மிச்சமிருந்த வெடிபொருட்களைக் கடலில் கொட்டச் சொன்னார்கள் நேச நாட்டவர்கள். ஜெர்மனியின் கடல்களில் சுமார் 16 லட்சம் டன் கிடப்பதாக மதிப்பீடு. அதில் பெரும்பங்கு வட கடலில். கொட்டும் வேலைக்கு மீன்பிடிப் படகுகளும் போயின. கொட்டுவதற்கென்று இடம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால், எத்தனை நடை போனால் அத்தனை கூலி என்றால் யார் அவ்வளவு தூரம் போவார்கள்? கரை கண்ணை விட்டு மறைந்ததும் பலர் வழியிலேயே தள்ளிவிட்டுத் திரும்பினார்கள். அறுபது, எழுபது வருடம் கழித்து வரைபடத்தைப் பார்த்து கேபிளுக்குத் தடம் போடுகிறவருக்கு, குண்டு எங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? காந்தமானியைக் கடல் தரையை ஒட்டி இழுத்துப் போய், இரும்பு தட்டுப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, துருப்பிடித்த நங்கூரமா குண்டா என்று பார்த்தாக வேண்டும். ரிஃப்காட் தடத்தில் மட்டும் சுமார் 30 டன் வெடிபொருள் எடுத்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் புதைக்கப்படும் பொருளை ஒருமுறை குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். தொடைப் பருமன். நடுவில் மூன்று செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் பல இழைகளை முறுக்கியது. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை நிறத்தில் தடித்த பாலிஎத்திலீன் காப்பு. அதன்மேல், தண்ணீர் உள்ளே போகாமலிருக்க ஈய உறை. மூன்றையும் முறுக்கிச் சேர்த்து, இடைவெளியில் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஓட்டுகிறார்கள். காற்றாலைக்கும் கரைக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை அதன் வழியாக. எல்லாவற்றுக்கும் மேல் நாகம் பூசிய எஃகுக் கம்பிகள் வரிசையாக, கடைசியாகத் தாரில் தோய்ந்த நூல். ஒரு மீட்டரைத் தூக்கவே பல ஆள் வேண்டும். புகைப்படத்தில் வெள்ளை இறக்கைகள்தான் வரும், இது வராது. எனக்கோ இந்தத் தார் நூலின் மேல்தான் கண்.

ஒரு கிளைக்கதை. ரிஃப்காட் நிற்கிற இடத்திலேயே ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் எல்லைத் தகராறு இருந்தது. எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் கோடு எங்கே என்று நூற்றாண்டுகளாக முடிவாகவில்லை. 2014 பிப்ரவரியில் கேபிள் இணைந்து மின்சாரம் கரையேறிவிட்டது. எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த அக்டோபரில்தான்.

சரி, பணம் யார் கொடுத்தது? 2006-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. கடலில் யார் காற்றாலை நட்டாலும் கரை வரை கம்பி இழுத்துக் கொடுப்பது மின்கட்டமைப்பு நிறுவனத்தின் பொறுப்பு. வட கடலில் அந்தப் பொறுப்பு டெனெட் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 2011 நவம்பரில் அந்நிறுவனம் அரசுக்குக் கடிதம் எழுதியது: இந்த வேகத்துக்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை, பொருளும் இல்லை. அரசு என்ன செய்தது? கம்பி தாமதமானால் காற்றாலைக்காரருக்குத் தரவேண்டிய நஷ்ட ஈட்டில் பெரும்பகுதியை 2013 முதல் மின்கட்டண ரசீதில் ஏற்றியது. யூனிட்டுக்கு 0.25 சென்ட் வரை. டீசல் எரிந்தது கடலில், பில் வந்தது வீட்டுக்கு.

கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். அதுவரை காற்றாலைக்காரர் முதலில், கம்பிக்காரர் அவர் பின்னால் ஓடுவார். அதன்பின், எந்த வருடம் எங்கே கம்பி வரும் என்ற திட்டம் முதலில். காற்றாலை அந்த வரிசையில் வந்து நிற்கவேண்டும். என்னைக் கேட்டால், ரிஃப்காட்டின் 30 காற்றாலைகளைவிட இந்த ஒரு வரி மாற்றம் பெரிய பொறியியல்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2024 ஜூனில் ஒன்றிய அரசு ரூ.7,453 கோடிக்கு ஒப்புதல் கொடுத்த கடல் காற்றாலைத் திட்டத்தில் குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். காற்றாலை நடுவது ஏலத்தில் எடுக்கும் தனியார். மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கட்டமைப்பு பவர் கிரிட் நிறுவனத்தின் வேலை. ஜெர்மனியைப் போலவே இரண்டு கை. திறப்பு விழா தேதியை யாராவது அறிவித்தால், கம்பி எந்தத் தேதிக்கு என்று கேட்டு வையுங்கள்.

அந்த மேடை? அடுத்த வாரம், நிச்சயமாக. ஏசி மின்சாரம் கடலடிக் கேபிளில் 80, 100 கிலோமீட்டரைத் தாண்டத் திணறுவது ஏன், போர்வின் என்ற மேடை எப்படி அதைச் சமாளித்தது என்று பார்ப்போம். அங்கே இருக்கும் மாற்றிகளின் நெருங்கிய உறவு நம்மிடமே இருக்கிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் போகும் டிசி தடம் அதே வகைத் தொழில்நுட்பம்தான். அதில் வேலை பார்க்கும் வாசகர்கள் இருந்தால், அந்த மாற்றிகள் நிற்கும் வால்வு ஹாலைப் பற்றி நாலு வரி எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். புதன்கிழமைக்குள் வந்தால் அடுத்த அத்தியாயத்தில் சேர்த்துவிடுவேன்.