பெயர் கெட்டதால் பொன்னை இழந்த புத்தக வியாபாரம்

நல்ல சரக்கு கிடைத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பார்கள். ஆனால் சந்தையிலேயே சிறந்த சரக்கைக் கையில் வைத்திருந்தும் கடையை மூடியவர்கள் உண்டு. அமெரிக்காவின் 'நோம் பிரஸ்' பதிப்பகம் அதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

1948ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மார்ட்டின் கிரீன்பேர்க், டேவிட் கைல் என்ற இருவர் கூட்டாக இதனை ஆரம்பித்தனர். இருவரும் விஞ்ஞானப் புனைகதைப் பிரியர்கள். அன்று இவ்வகைக் கதைகள் மலிவுச் சஞ்சிகைகளில் வெளிவந்து, மாதம் முடிந்ததும் மறைந்துவிடும். பெரிய பதிப்பகங்கள் அவற்றைப் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. அக்கதைகளைத் திரட்டிக் கட்டிய அட்டையுடன் நூலாக்கினால் வாங்குவதற்கு ஆட்கள் உண்டு என்பதை இவர்கள் சரியாகவே கண்டுகொண்டனர்.

புத்தகக் கடைகளில் இந்நூல்களுக்கு அதிகம் இடம் கிடைக்கவில்லை. ஆகவே தபால் வியாபாரம் கைகொடுத்தது. சஞ்சிகையில் விளம்பரம் வரும். வாசகர் காசையும் ஓடரையும் அனுப்புவார். புத்தகம் தபாலில் போய்ச் சேரும். பின்னாளில் 'பிக் எ புக்' என்ற பெயரில் குறைந்த விலைக்குத் தபாலில் விற்கும் திட்டமொன்றும் நடந்தது.

சரக்கில் குறையில்லை

ஐசாக் அசிமோவின் 'ஐ, ரோபோட்' 1950இலும், அவரது 'பவுண்டேஷன்' வரிசையின் மூன்று நூல்கள் 1951 முதல் 1953 வரையிலும் இங்கேதான் முதன்முதலில் நூலாகின. ரொபர்ட் ஹெயின்லைனும் இவர்களது பட்டியலில் இருந்தார். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மரணிக்கும்வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் ஆரம்பகால நாவல்கள் சிலவற்றையும் அமெரிக்காவில் வெளியிட்டது இதே நோம் பிரஸ்தான். மொத்தம் எண்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்தன.

கணக்கில்தான் குறை

எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் எளிமையானது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பங்கு எழுத்தாளருக்குச் சேரவேண்டும். எத்தனை விற்றது என்ற கணக்கும் அவருக்குக் காட்டப்பட வேண்டும். அசிமோவுக்கு இவ்விரண்டும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் சாட்டுகளே வந்தன. இந்தக் கசப்பை அவர் தனது சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். எழுத்தாளருக்குக் காசு கொடுக்காத பதிப்பகம் என்ற பெயர் அத்துறை முழுவதும் பரவியது.

நோம் பிரஸுக்கு நெருக்கடி இருந்தது உண்மைதான். முதல் சிறியது. 1950களில் பெரிய பதிப்பகங்களும் இந்தச் சந்தையில் இறங்கின. 1953இல் டபிள்டே நிறுவனம் தொடங்கிய புத்தகக் கழகம் ஒரு டொலருக்கே தபாலில் நூல்களை விற்றது. ஆனால் நெருக்கடி வந்தபோது தள்ளிப்போடப்பட்டது யாருடைய காசு என்பதே இங்குள்ள கேள்வி. அச்சகக்காரரின் பில்லைக் கட்டாவிட்டால் அடுத்த நூல் அச்சாகாது. தபால் செலவைக் கட்டாவிட்டால் பொதி போகாது. எழுத்தாளரோ தூரத்தில் இருப்பவர், உடனே எதையும் நிறுத்த முடியாதவர். அதனால் அவருடைய பங்கைத் தள்ளிப்போடுவது இலகு. வேண்டுமென்றே செய்ததா, இயலாமையா என்பது காசு கிடைக்காதவருக்கு ஒன்றுதான்.

விளைவு

1961இல் பவுண்டேஷன் நூல்களின் உரிமை டபிள்டேயின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டளவில் நோம் பிரஸ் மூடப்பட்டது. 1966இல் எக்காலத்துக்குமான சிறந்த தொடர் என்ற ஹியூகோ விருது பவுண்டேஷனுக்குக் கிடைத்தது. 2021இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்த நூல்கள் பல தசாப்தங்களாக ஈட்டிய வருமானத்தில் அவற்றை முதலில் நூலாக்கியவருக்குப் பங்கில்லை. நோம் பிரஸின் முதற்பதிப்புப் பிரதிகள் இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றன. அந்த இலாபமும் சேகரித்து வைத்திருப்பவர்களுக்கே.

கெட்ட பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. 1970களில் மார்ட்டின் கிரீன்பேர்க் என்ற பேராசிரியர் ஒருவர் கதைத் தொகுப்பு ஒன்றுக்காக அசிமோவுக்குக் கடிதம் எழுதினார். நோம் பிரஸ்காரர் நீங்கள்தானா என்பதே அசிமோவின் முதல் சந்தேகமாக இருந்தது. அவர் வேறு ஆள் என்று தெரிந்ததும், இனிமேல் பெயரின் நடு எழுத்தையும் சேர்த்தே எழுதும்படி ஆலோசனை கூறினார். மார்ட்டின் எச். கிரீன்பேர்க் ஆன அந்தப் பேராசிரியரும் அசிமோவும் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுப்புகளைக் கூட்டாகக் கொண்டுவந்தனர். கடை மூடிப் பல வருடங்களின் பின்னரும் அதன் பழைய கடன் அதே பெயர் கொண்ட இன்னொருவரின் வழியில் குறுக்கே நின்றது.

எமது கடை லாச்சியிலும் இதே நிலைமை உண்டு. சரக்கைக் கடனுக்குத் தந்தவரின் காசு, கொமிஷன்காரரின் காசு, கூட்டாளியின் பங்கு எல்லாம் எமது காசோடு கலந்தே கிடக்கின்றன. மாதமுடிவில் எது யாருடையது என்று பிரித்து எழுதுங்கள். கொடுக்க முடியாத மாதத்தில் கணக்கையாவது காட்டுங்கள். காசு தாமதித்தால் பொறுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கை மறைத்தால் பொறுப்பவர் எவருமில்லை.