பழகிய கருவியும் பழகிய செவியும்

இங்கிலாந்தில் ஓய்வு நாட்களில் உழுத வயல்களில் பழம்பொருள் தேடுவோர், புதிய உலோகங்காண் கருவிகள் வந்தபோதும் பழையதை எளிதில் கைவிடுவதில்லை. இது வெறும் சிக்கனமென்றே நாமும் முதலில் எண்ணினோம், அன்று. கருவியின் கம்பிச்சுருளில் எழும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது எழுப்பும் எதிர்ப்புலத்தையே கருவி ஓசையாக்கித் தருகிறது. மெல்லிய பொன்மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும்! அந்நுண்ணிய வேறுபாட்டைச் செவி பிரித்தறிய நெடுங்காலப் பழக்கம் வேண்டும். கருவியை மாற்றினாலோ, அப்பயிற்சியைத் தொடக்கத்திலிருந்தே பெறவேண்டும்; அதுவரை, குப்பையென்று தோண்டாது விட்ட இடத்தில் பொன் இருந்ததோ என்னும் ஐயம் தீராது. 2009 ஜூலையில் ஸ்டாபோர்ட்ஷயர் வயலொன்றில் டெரி ஹெர்பர்ட் என்பார் ஆங்கிலோ-சாக்சன் புதையலைக் கண்டது 14 ஆண்டுப் பழைய கருவியால்தான். அதில் பொன் மட்டும் ஏறத்தாழ 4 கிலோகிராம்.