பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்குதல்

பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்குதல் என்பது, ஒருவர் பயன்படுத்திய உழவு இயந்திரத்தையும் அதனுடன் இணைத்து இழுக்கப்படும் சுமைப்பெட்டியையும், விற்பனை நிலையம் வழியாக அல்லாது, உரிமையாளரிடமிருந்து நேரடியாகவோ தரகர் மூலமாகவோ விலைக்குப் பெறுவதைக் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் போன்ற மானாவாரிப் பகுதிகளில் இவ்வகைக் கொள்முதல் பரவலாக நடைபெறுகிறது. வாங்கும் பொருளின் இயந்திரக் குறைகளை விட, அதன் ஆவணங்களில் உள்ள குறைகளே வாங்குபவருக்குப் பெரும் இழப்பை உண்டாக்குகின்றன. ஆயினும் பெரும்பாலோர் எஞ்சினைப் பார்க்கும் கவனத்தில் பாதியைக் கூடப் பதிவுப் புத்தகத்திற்குக் கொடுப்பதில்லை.

பின்னணி

இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல் மண் நிலமாகும். வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ளது. பருத்தி, மக்காச்சோளம், சோளம், கம்பு, குதிரைவாலி, மிளகாய், மல்லி ஆகியவை முக்கியப் பயிர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் இயங்குகிறது.

மானாவாரி நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் சில நாட்களே கிடைக்கும் அந்த இடைவெளியில் வாடகை டிராக்டருக்குக் காத்திருக்க இயலாத விவசாயி, புதியதை வாங்க வசதியில்லாதபோது பழையதை நாடுகிறார். மழைக்கு முன் அவசரமாக வாங்குபவர், பேரம் பேசும் வலிமையையும் சோதித்துப் பார்க்கும் பொறுமையையும் ஒருசேர இழக்கிறார். அறுவடை முடிந்த கோடையில் வாங்குவது பொதுவாக நன்று. ஆண்டின் மற்ற மாதங்களில் கண்மாய்க் கரம்பை, செங்கல், சீமைக்கருவேல விறகு முதலியவற்றை ஏற்றி வருமானம் ஈட்டவே டிரெய்லர் சேர்த்து வாங்கப்படுகிறது.

மாடு வாங்குவதில் இப்பகுதியினருக்குத் தலைமுறை அறிவு உண்டு. பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், ஏரில் பூட்டி நடத்திப் பார்ப்பர். டிராக்டருக்கும் பல்லும் சுழியும் உண்டு. அவை இருக்கும் இடங்கள் வேறு.

ஓடிய காலத்தை அறிதல்

டிராக்டரின் வயது கிலோமீட்டரில் அல்லாது மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பழைய மாதிரிகளில் மணி காட்டும் கருவி எஞ்சினிலிருந்து வரும் ஒரு கேபிளால் சுழற்றப்படுகிறது. குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் எஞ்சின் ஓடினால்தான் அது ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். மெதுவாக ஓடினால் குறைத்தே காட்டும். கேபிளைக் கழற்றிவிட்டால் கருவி நின்றுவிடும். ஆகவே அதில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி விலை பேசுதல் தவறாகும்.

இழுவைக் கொக்கியும் அதன் துளைகளும் கூடுதல் நம்பகமான சான்றுகள். வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அவ்வண்டி நீண்ட காலம் பாரம் இழுத்துள்ளது எனலாம். பின்சக்கர டயரின் பட்டைகள் நடுப்பகுதியில் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பது தார்ச்சாலையில் அதிகம் ஓடியதற்கான அடையாளம். கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்மானமும் இவ்வாறே பேசும். "வயலில் மட்டும் ஓடியது" என்று விற்பவர் சொல்வதை இம்மூன்றையும் வைத்துச் சரிபார்க்கலாம்.

எஞ்சின்

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருவதற்குள் வண்டி சூடாக்கப்பட்டிருந்தால், குளிரில் எளிதில் கிளம்பாத குறை மறைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. முன்னறிவிப்பின்றிக் காலையில் செல்வது நல்லது. தொடர்ந்து நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது எனவும், சூடான பின்பும் வெண்புகை நிற்கவில்லையெனில் டீசல் முழுதும் எரியவில்லை அல்லது தண்ணீர் கலக்கிறது எனவும் கொள்ளலாம். கரும்புகைக்கு இன்ஜெக்டர், பம்பு முதலியவற்றின் கோளாறும் அடைபட்ட காற்று வடிகட்டியும் காரணமாகலாம்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டும்போது புகை விட்டுவிட்டு வேகமாக வெளியேறினால், பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்துள்ளன எனப் பொருள். அளவுகோலில் ஒட்டும் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது.

இவ்வட்டாரத்தில் தேய்மானத்திற்குப் பெரும் காரணம் புழுதியாகும். பழைய டிராக்டர்களின் காற்று வடிகட்டி, அடியில் எண்ணெய் நிரப்பிய கிண்ணத்தைக் கொண்டது. புழுதி அந்த எண்ணெயில் படிந்துவிடும். கோடை உழவின்போது இதை அடிக்கடி கழுவி எண்ணெய் மாற்றாவிடில், மண் துகள்கள் நேரே சிலிண்டருக்குள் சென்று உப்புத்தாள் போல் தேய்க்கின்றன. கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. உள்ளே சேறு போல் கெட்டியாக இருந்தால் முந்தைய உரிமையாளரின் பராமரிப்பு எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

நெல் பகுதிகளிலிருந்து வரும் டிராக்டர்களில் வேறு வகைக் குறைகள் காணப்படும். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓடியவற்றில் பின் அச்சின் சீல்கள் பழுதடைந்து, சேற்றுநீர் உட்புகுந்திருக்கக் கூடும்.

கிளட்ச், ஹைட்ராலிக், பிரேக்

டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டகம் இல்லை. எஞ்சின், கிளட்ச் உறை, கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று திருகப்பட்டு அவையே முதுகெலும்பாக அமைகின்றன. ஆதலால் கிளட்ச் தட்டு மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். தட்டின் விலையை விட இவ்வேலைக்கான கூலியும் வேலை நின்றுபோகும் நாட்களும் பெரிது. கரிசல் நிலத்தில் கொத்துக் கலப்பையை ஆழமாக இறக்கி இழுத்துப் பார்த்தாலன்றிக் கிளட்ச் வழுக்குவது தெரியாது. வெறும் வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அது விரைவாகக் கீழே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு. பிரேக்குகள் இடம், வலம் எனத் தனித்தனியே இயங்குவன. சாலையில் செல்லும்போது இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைத்து அழுத்தும்போது வண்டி ஒருபுறம் இழுத்தால், பாரத்துடன் அது கவிழ நேரிடலாம்.

உதிரிப்பாகக் கிடைப்பும் கருதத்தக்கது. 1960 இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன், மகிந்திரா, ஸ்வராஜ் போன்றவற்றுக்கு உதிரிகள் எளிதில் கிடைக்கும். எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட நடுவண் அரசு 2016 இல் முடிவு செய்தது. இவ்வாறு உற்பத்தி நின்றுபோன வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு.

டிரெய்லர்

டிராக்டரை விடக் கூடுதல் சிக்கல் தருவது டிரெய்லரே எனலாம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமாகும். அதற்குத் தனிப் பதிவு எண்ணும் தனிப் பதிவுச் சான்றும் வேண்டும். ஆனால் உள்ளூர்ப் பட்டறைகளில் பற்றவைத்துச் செய்யப்பட்ட டிரெய்லர்கள் பதிவின்றியே ஓடுவதுண்டு. "டிராக்டர் புக்கிலேயே எல்லாம் இருக்கிறது" என்ற சொல்லை நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது சக்கரம் பூட்டிய இரும்புப் பெட்டி மட்டுமே. அதைப் பின்னர் பதிவு செய்ய முயன்றால், யார் செய்தது, எந்த அமைப்பு ஒப்புதல் அளித்தது என்ற கேள்விகளுக்கு விடை இருக்காது.

பதிவுள்ள டிரெய்லரிலும் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைச் சான்றுடன் ஒப்பிட வேண்டும். அடித்தகட்டின் கீழ்ப்பகுதி, இழுவைக் கம்பத்தின் பற்றவைப்பு, அச்சின் நேர்மை ஆகியன குனிந்து பார்க்க வேண்டியவை. மேலே புதிதாகப் பூசிய வண்ணம் பெரும்பாலும் துருவை மறைக்கவே பூசப்படுகிறது. நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சு திரும்பும் வட்டத்தட்டின் தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டிரெய்லர்களில் தனி பிரேக் இருப்பதில்லை. முழுப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக்கே தாங்குகிறது. பின்புற எதிரொளிப்பான் பட்டைகளும் விளக்கும் இன்றி இரவில் மதுரை - தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலையைக் கடப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இப்பகுதியினர் அறிவர்.

பெயர் மாற்றம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி, மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு 29, 30 ஆகிய படிவங்கள் பயன்படுகின்றன. டி.என். 67 எனத் தொடங்கும் எண்கள் விருதுநகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைச் சேர்ந்தவை.

நடைமுறையில், விற்பவர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவதும், வாங்கியவர் அவற்றை அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்கு விற்பதும் வழக்கமாகிவிட்டன. இவ்வாறு மூன்று கை மாறிய வண்டி முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். அவர் இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்துகள் பயனற்றுப் போகின்றன. அப்போது வாரிசுகள் 31 ஆம் படிவத்தின் வழியே முதலில் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். எல்லா வாரிசுகளும் ஒத்துழைப்பர் என்பதற்கு உறுதியில்லை.

இவ்வழக்கம் விற்பவருக்கும் ஆபத்தானது. வாகனம் பலருக்கு அடுத்தடுத்து விற்கப்பட்டிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. டிராக்டரை விற்றுப் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்ற அறிவிப்பு பெறும் முதியவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் அதன் உரிமையாளர்தான்.

பிற மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியாயின், அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (படிவம் 28) வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறுதல் கட்டாயம்.

கடனும் பறிமுதலும்

பதிவுப் புத்தகத்தில் எச்.பி. எனப்படும் அடமானக் குறிப்பு உள்ளதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கடன் தீர்ந்திருந்தாலும், நிதி நிறுவனத்தின் சான்றும் 35 ஆம் படிவமும் கொடுத்து அக்குறிப்பை நீக்காதவரை பெயர் மாற்றம் நடைபெறாது. கடன் தீராத வண்டியை, "மீதித் தவணையைக் கட்டி ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று கைமாற்றுவது மிக ஆபத்தான ஏற்பாடாகும். தவணை யார் கட்டினாலும் ரசீது பழையவர் பெயரில்தான் வரும். அவர் அதே நிறுவனத்தில் பெற்ற வேறு கடன் நிலுவையில் இருந்தால், தடையின்மைச் சான்று நிறுத்திவைக்கப்படலாம். நிறுவனம் வண்டியை எடுத்துச் சென்றால் வாங்கியவருக்கு எவ்வித உரிமையும் இராது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்கு விற்க இயலாது என்பதே 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. அச்சட்டம் பழைய பொருளின் தரத்துக்கும் பொதுவாக உத்தரவாதம் அளிப்பதில்லை. தரகர் தேநீர்க் கடையில் கொடுக்கும் உறுதிமொழிகள் எழுத்தில் இல்லையெனில் நிரூபிப்பது கடினம்.

திருச்சுழி வழியாகக் குண்டாறு செல்கிறது. ஆற்றுப் படுகைகளை ஒட்டிய ஊர்களில் வாங்கும் டிராக்டருக்கு மணல் வழக்கு ஏதும் உள்ளதா என விசாரிக்க வேண்டும். 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, உரிமமின்றிக் கனிமம் ஏற்றிய வாகனத்தைக் கைப்பற்றவும், நீதிமன்றம் அதைப் பறிமுதல் செய்யவும் இடமளிக்கிறது. நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்ட வண்டியை விற்கத் தடை இருக்கக்கூடும். காவல் நிலையத்தில் நேரில் கேட்பதே இதற்கு வழி.

நடுவண் அரசின் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து அடமானம், காப்பீட்டு நாள், பதிவுக் காலம் முதலியவற்றைப் பார்க்கலாம். கணினி மயமாவதற்கு முன் பதிவான பழைய வண்டிகள் சில அதில் இருப்பதில்லை. அத்தகையவற்றை விற்பவரே அலுவலகம் சென்று ஏற்றித் தந்த பின்னரே முழுப்பணம் கொடுப்பது முறை.

காப்பீடு

உரிமை மாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு 157 ஆம் பிரிவின்படி புதியவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆயினும் 14 நாட்களுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான பகுதி தானாக மாறுவதில்லை என உச்ச நீதிமன்றம் 1995 இல் தெளிவுபடுத்தியது. டிரெய்லரின் எண்ணும் காப்பீட்டில் குறிக்கப்பட்டு, அதற்குரிய கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

வேளாண் பயன்பாட்டுக்கெனக் காப்பீடு செய்த டிராக்டரில் செங்கல்லோ ஆட்களோ ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் சென்ற டிராக்டர் தொடர்பான 2004 ஆம் ஆண்டு வழக்கொன்றில், அது வேளாண் பயன்பாடு அன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. வாடகைப் பார வருமானத்தைக் கணக்கிட்டு விலை கொடுப்பவர் இதனை முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

கைமாற்றும் நாள்

ஒப்படைப்புக் கடிதத்தில் பதிவெண்கள், சட்டக எண், எஞ்சின் எண், தொகை ஆகியவற்றுடன் ஒப்படைத்த நேரத்தையும் குறிப்பிட வேண்டும். அன்று காலை நடந்த விபத்து யார் பொறுப்பு என்பதை அந்த நேரமே தீர்மானிக்கக் கூடும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது சான்றில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். தொகையின் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை நிறுத்திவைப்பது இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. டாப் லிங்க், கொக்கி, கொத்துக் கலப்பை, மேற்கூரை, பின்சக்கர எடைக்கட்டிகள் ஆகியவை விலையில் அடங்குமா என்பதையும் கடிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு எழும் சச்சரவுகளில் பல இவற்றைப் பற்றியவையே.