மருந்தின் இரு பெயர்கள்



ஹட்டன் நகருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து, சென்ற ஆண்டில் மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் என் பாடசாலைக்கு வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்த நோயாளர். அவர் கையில் இரண்டு மருந்துப் பெட்டிகள் இருந்தன. ஒன்று நகரிலே வாங்கியது. மற்றையது திருச்சியிலிருந்து உறவினர் கொணர்ந்தது. "ரெண்டும் வேற வேற மருந்துன்னு நெனச்சி ரெண்டையும் குடிச்சேங்க ஐயா, தலை சுத்தி விழுந்துட்டேன்" என்றார்.

பெட்டிகளை வாங்கிப் படித்தேன். பெரிய எழுத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்கள். சிறிய எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர்: லொசார்ட்டான். மருந்து ஒன்று, பெயர் இரண்டு, விலையும் இரண்டு. அவரை உடனே டிக்கோயா வைத்தியசாலைக்கு அனுப்பினேன், நலமுற்றார். எனினும் அச்சிறிய எழுத்து என் சிந்தையை விட்டு அகலவில்லை.

ஒவ்வொரு மருந்துக்கும் இரு பெயர்கள் உண்டு. உலகெங்கும் மருத்துவர் அறிந்த பெயர் பொதுப்பெயர். கம்பனி தன் சரக்குக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் வணிகப்பெயர். காப்புரிமைக் காலம் முடிந்த மருந்தைப் பலரும் செய்து விற்கலாம். அப்போது விலையின் ஒரு பகுதி மருந்துக்கும், மற்றொரு பகுதி பெயருக்கும் விளம்பரத்துக்குமாகப் போகிறது.

இந்தியாவில் பல மருந்துகள் மலிவாயிருப்பதன் காரணம் யாது? 1970ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. 2005இல் அது திருத்தப்படும்வரை, அங்குள்ள தொழிற்சாலைகள் வேறு முறைகளால் அதே மருந்துகளைச் செய்து தேர்ச்சி பெற்றன. போட்டி பெருகிற்று, விலை தாழ்ந்தது.

அங்ஙனமாயின், சுதந்திர வர்த்தகம் அம்மலிவை இங்கே கொண்டுவராதா என்று நேயர்கள் வினவலாம். இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய உடன்படிக்கை குறைப்பது சுங்கத் தீர்வையை. மருந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கோ நம் நாட்டில் அத்தீர்வை இல்லை. இல்லாத சுமையை இறக்கிவைப்பது எப்படி? வட அமெரிக்காவிலும் 1994இல் இத்தகைய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் அமெரிக்க முதியோர் பேருந்தேறிக் கனடாவுக்குச் சென்று மருந்து வாங்கினர். காப்புரிமையுள்ள மருந்துகளின் விலையைக் கண்காணிக்க 1987 முதல் கனடாவில் ஒரு சபை உண்டு. எல்லை திறந்திருந்தது, விலையை வேறாக்கியது சட்டமே.

நாமும் கடல் கடந்து வாங்கலாமே எனின், கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பயணம், விமானச் சீட்டு, தங்குமிடம், இழந்த நாட்சம்பளம் ஆகியவற்றுக்கு அது போதுமா? குளிரில் வைக்கவேண்டிய இன்சுலின் பையிலே சூடேறினால் பயன் குன்றும். இக்கரைக்கு அக்கரை பச்சை. கடக்கும் கூலியைக் கூட்டினாலன்றோ பச்சையின் விலை தெரியும்!

இதற்கு வழி கண்ட மேதை நம் நாட்டிலேயே வாழ்ந்தார். பேராசிரியர் சேனக பிபிலே, மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் 1971இல் ஓர் அறிக்கை அளித்தார். அதன் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது; பிபிலே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்துகளின் பட்டியல் 600 அளவுக்குச் சுருக்கப்பட்டது. கூட்டுத்தாபனம் பொதுப்பெயரைச் சொல்லி, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக வாங்கிற்று. சிறிய நாடு ஒரே குரலில் கேட்டமையால் விலை இறங்கியது. 1977இல் பிபிலே கயானாவில் காலமானார். அவ்வாண்டிலேயே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வணிகப்பெயர்கள் மீண்டும் பெருகின.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. மருத்துவர் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. ஆயினும் 2022இல், டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, விலைக் கட்டுப்பாடும் தளர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அறுபது மருந்துகளின் விலை நூற்றுக்கு 40 வீதம் உயர்த்தப்பட்டது. இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில், நாணயத்தின் நோய் நோயாளியையும் பற்றும் என்பது அன்று புலனாயிற்று.

நாணயத்தை நாம் தனித்து நிமிர்த்த இயலாது. ஆனால் மூன்று காரியங்கள் நம் கைவசமுள்ளன. மருத்துவரிடம் மருந்தின் பொதுப்பெயரைக் கேட்டு, தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாமசியில், அதே பெயரில் விலை குறைந்தது உண்டா என வினவுங்கள், அதில் நாணமில்லை. கடல் கடந்து வந்த மருந்தை, மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளாதீர்கள்.

அம்மூதாட்டியின் பேரன், இப்போது பாட்டியின் மருந்துப் பெயர்களைத் தன் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். பாடசாலையிற் கற்ற எழுத்துக்கு இதனினும் சிறந்த பயன் வேறு யாது?