குற்றால அருவியில் ஒரு கணக்கு

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தின் காற்றே மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஊரெல்லாம் சாரலைத் தூவும். வடகரை மாணவர்கள் விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்தால், மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை இருக்கிறது. தெற்கே போனால் குற்றாலம். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்கும் சுகத்தை இந்தப் பக்கத்து மாணவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அப்படி நிற்க முடிகிறதே, அது எப்படி என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். தடையின்றி விழும் பொருளின் திசைவேகத்தை இருமடி ஆக்கினால், அது உயரத்தையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி இரட்டித்ததற்குச் சமம். இது நீங்கள் வகுப்பில் படித்த சூத்திரமே. கணக்கிட்டால் வினாடிக்கு 34 மீட்டர் வருகிறது. அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! இந்த வேகத்தில் திரண்டு வரும் தண்ணீருக்கு அடியில் மனிதர் நிற்க முடியாது.

நம்மைக் காப்பது நடுவழியில் உள்ள பொங்குமாங்கடல். மேலிருந்து வரும் நீர் முதலில் பாறையிலுள்ள இந்த ஆழமான குழியில் விழுந்து, கொந்தளித்து, வேகத்தை இழக்கிறது. பின்னர் அங்கிருந்து வழிந்து, பாறையில் மோதிச் சிதறியபடி நம் தலைக்கு வருகிறது. இழந்த ஆற்றல் எங்கே போயிற்று? வெப்பமாக மாறியது. ஆனால் 60 மீட்டர் வீழ்ச்சியின் ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும், நீரின் வெப்பநிலை 0.14 டிகிரி செல்சியஸ்தான் உயரும். 1847-இல் ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குத் தேனிலவு சென்ற ஜேம்ஸ் ஜூல், அங்கிருந்த அருவியில் இந்தச் சிறு வேறுபாட்டை அளக்கத் தெர்மாமீட்டரோடு முயன்றார். நீர் சிதறிப் பறந்ததால் அளக்க முடியவில்லை. புது மணப்பெண் என்ன நினைத்தாரோ!

இனி நம் தலைமேல் விழும் விசையைப் பார்ப்போம். ஒரு வினாடியில் விழும் நீரின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால், தோராயமான விசை கிடைக்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரின் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். வினாடிக்கு 10 லிட்டர் நம்மேல் விழுந்தால் விசை 140 நியூட்டன். இது 14 கிலோ மூட்டையைத் தலையில் வைத்தது போல. சுகமாகவே இருக்கும். அதே இடத்தில் 50 லிட்டர் விழுந்தால் 700 நியூட்டன். வளர்ந்த ஆள் ஒருவர் தோளில் ஏறி நிற்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, நீர் குறைவாக இருக்கும்போது துளிகளாகச் சிதறுகிறது. காற்றின் தடையால் பெரிய மழைத்துளிகூட வினாடிக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் பெறுவதில்லை. வெள்ளம் வரும்போதோ நீர் சிதறாமல் கனத்த திரளாக விழுகிறது. அதனுடன் கல்லும் கட்டையும் வரலாம். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிப்பது இதனால்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் பலர் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலையில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்கு எப்படி இத்தனை விரைவில் வந்து சேர்கிறது?

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அருவிக்கு நீர் தரும் மலைச்சரிவு 10 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் மழையில் பாதி மட்டும் ஒரு மணி நேரத்தில் ஓடி வந்தாலும், அருவியில் வினாடிக்கு ஏறத்தாழ 14,000 லிட்டர் கொட்டும். செங்குத்தான ஓடையில் நீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால், 5 கிலோமீட்டரைக் கடக்க அரைமணி நேரம்கூட ஆகாது. அப்போது நம் தலைக்கு மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்!

அடவிநயினார் அணையில் நிலைமை வேறு. 50 எக்டர் பரப்புள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் இதே வெள்ளம் ஒரு மணி நேரம் பாய்ந்தால், நீர்மட்டம் 10 சென்டிமீட்டர்தான் உயரும். வெள்ளத்தை ஏரி விழுங்கிவிடுகிறது. அருவிக்கு மேலே அப்படி விழுங்க ஏதுமில்லை. பொங்குமாங்கடல் நீரின் வேகத்தைத்தான் குறைக்கும், அளவைக் குறைக்காது. அணைக்கும் இந்தப் பெருமை நிரம்பும் வரைதான். 132 அடியை எட்டி நிரம்பிவிட்டால் வருகிற நீர் அப்படியே வழிந்து அனுமன் நதியில் இறங்கும். அணை நிரம்பிய செய்தி வந்த நாளில், கீழே ஆற்றில் குளிப்பவரும் அருவியில் குளிப்பவரைப் போன்றவரே.

“முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, நின்றுகொள்ளலாம்” என்பார்கள் சிலர். அதையும் கணக்கிடுவோம். அரை மீட்டர் ஆழம், இரு கால்களும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் அகலம். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் கால்களைத் தள்ளும் விசை சுமார் 75 நியூட்டன். வேகம் 1.5 மீட்டரானால், அதாவது நாம் விரைந்து நடக்கும் வேகம், 169 நியூட்டன். 3 மீட்டரானால் 675. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். எதிர்த்து நிற்க நமக்குள்ள துணை உராய்வு ஒன்றே. பாசி படிந்த பாறையில் உராய்வுக் கெழுவை 0.3 என்று கொண்டால், 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 147 நியூட்டன்தான். நீரின் மிதப்பு விசை அதிலும் கொஞ்சம் குறைத்துவிடும். ஆக, முழங்கால் நீரே போதும், காலை வாரிவிட! கைகோத்து நிற்பவர்களையும் சேர்த்து இழுக்கும்.

வெள்ளம் பெரும்பாலும் சில அடையாளங்களை முன்னே அனுப்பும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை கனக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் தேடிக்கொண்டிராமல் உடனே வெளியேற வேண்டும். ஓடை போகும் திசையில் ஓடக்கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். நீருக்கு முன்னால் ஓடி வெல்ல முடியாது. பத்தடி உயரம் ஏறுவதற்கோ சில வினாடிகளே போதும்.